38-ஆம் பின்னுக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று இரவு கடைசிக் கோப்பும் வந்து சேர்ந்துவிட்டது. மேடம் வரைந்த இலைப் படங்கள் அத்தனையும் இப்போது மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கின்றன. இலை நரம்பு, காம்பு, விளிம்பில் இருக்கும் பல் என்று ஒவ்வொன்றையும் மேக்கின்டாஷ் கணினியில் படம் வரைய உதவும் மேக்பெயின்ட் மென்பொருளில் புள்ளி புள்ளியாக, கறுப்பும் வெள்ளையுமாக வரைந்தவர் அவர். “திறக்குதான்னு பாரு, திறந்தா எனக்கும் ஒருதரம் காட்டு” என்று அந்தப் படங்கள் இருந்த கனத்த பழைய ஹார்ட் டிரைவை என் கையில் கொடுத்தபோது, கேபிளைச் செருகினால் போதும் என்றுதான் நினைத்தேன். அதற்கு நான்கு மாதம் ஆயிற்று. அது நடந்ததற்குக் காரணமானவர்களுக்கு இந்த மடல்.

முதலில் அண்ணனுக்கு. என்னிடம் இருப்பது 1986-இல் வந்த மேக்கின்டாஷ் பிளஸ். ஸ்கஸி (SCSI) சாக்கெட்டோடு, அதாவது பல டிரைவ்களை ஒரே கேபிள் வரிசையில் மாட்டும் சாக்கெட்டோடு, வந்த முதல் மேக் அதுதான். மேடத்தின் டிரைவையும், நகல் எடுப்பதற்கு நான் வைத்திருந்த இன்னொன்றையும் வரிசையாக மாட்டினேன். இரண்டுமே திரையில் ஒழுங்காக வரவில்லை. போனில் நான் புலம்பியதையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “பெட்டிக்குப் பின்னால என்ன எண் இருக்கு?” போய்ப் பார்த்தால் இரண்டிலும் 5. ஒரு ஸ்கஸி வரிசையில் 0 முதல் 7 வரை எட்டு எண்கள்தான் உண்டு. 7 கணினிக்கே போய்விடும். மீதியில் ஒரே எண்ணை இருவர் வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றை 4 ஆக்கியதும் இரண்டு டிரைவின் ஐகான்களும் திரையில் வந்து நின்றன. அப்போதே அவர் இன்னொன்றும் சொன்னார்: பிசியின் பிரின்டர் சாக்கெட்டும் இதே 25 ஓட்டை சாக்கெட்தான், மறந்தும் அதில் மாட்டிவிடாதே என்று. மேசையில் அதற்குப் பக்கத்திலேயே ஒரு பழைய பிசி இருந்தது. நல்ல வேளை.

ஐகான் வந்தது, ஆனால் நகல் எடுக்கும்போது பாதியில் உறைந்துபோகும். எந்தக் கோப்பில் நிற்கும் என்று சொல்லவே முடியாது. அக்காவிடம் கேட்டேன். வரிசையின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் இருக்கிறதா என்றார். கடைசி டிரைவில் மட்டும் ஒன்று இருந்தது. கம்பியில் ஓடும் சிக்னல் முனைக்குப் போனதும் அங்கே அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பி, பின்னால் வரும் சிக்னலோடு மோதும். அதை முனையிலேயே அடக்குவதுதான் டெர்மினேட்டர் வேலை. மற்ற பல மேக்குகளில் கணினிப் பக்கத்து முனையை உள்ளே இருக்கும் டிரைவே பார்த்துக்கொள்ளும். பிளஸ்ஸில் உள்ளே எதுவும் கிடையாது. அதனால் முதல் டிரைவிலும் ஒன்று, கடைசி டிரைவிலும் ஒன்று வேண்டும். அக்கா தன் கணினியில் மாட்டியிருந்ததையே கழற்றி, பஞ்சில் பொதிந்து அனுப்பி வைத்தார். தனக்கு வேண்டியதைக் கழற்றித் தருவது எல்லாருக்கும் வராது அக்கா.

அது வந்த சந்தோஷத்தில் ஒரு தப்பு செய்தேன். டிரைவ்களை அணைக்காமலே கேபிளைப் பிடுங்கி டெர்மினேட்டரைச் செருகினேன். அதற்கப்புறம் இரண்டு டிரைவும் காணாமல் போயின. மேடத்தின் டிரைவ் என் கையில் செத்துவிட்டது என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐயா மல்டிமீட்டரோடு வந்தார். டிரைவைத் தொடக்கூட இல்லை. “டெர்மினேட்டருக்கு கரண்ட் எங்கேருந்து வருது?” என்று கேட்டார். அதற்குக் கரண்ட் வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. உள்ளே ஒவ்வொரு சிக்னல் கம்பியும் 220 ஓம் மின்தடை வழியாக 5 வோல்ட் பக்கமும், 330 ஓம் மின்தடை வழியாகத் தரையோடும் (கிரவுண்ட்) கட்டப்பட்டிருக்கிறது. அந்த 5 வோல்ட்டை பிளஸ் தராது. ஏதாவது ஒரு டிரைவ்தான் தரவேண்டும். கடைசிப் பெட்டியில் காலியாக இருந்த 50 பின் சாக்கெட்டில் மீட்டரின் கறுப்பு முனையைத் தரையான 1-ஆம் பின்னிலும் சிவப்பை அந்த 5 வோல்ட் வரவேண்டிய 38-ஆம் பின்னிலும் வைத்தார். மீட்டரில் பூஜ்யம். ஸ்கஸியில் ஒரு கம்பியின் வோல்ட் தாழ்ந்தால்தான் அது பேசுகிறது என்று அர்த்தம். கரண்ட் இல்லாததால் எல்லாக் கம்பியும் தரையோடு தாழ்ந்து கிடந்தன. ரீசெட் கம்பியும் அதில் ஒன்று. ரீசெட் பொத்தானை யாரோ விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பது மாதிரி. அப்புறம் டிரைவ் எப்படிப் பேசும்?

நான் பிடுங்கியபோது மேடத்தின் டிரைவில் இருந்த சின்ன ஃபியூஸ் போயிருந்தது. அதை மாற்றிவிடலாம் என்று நான் கிளம்பினேன். ஐயா தடுத்தார். படங்கள் வெளியே வரும்வரை அந்த போர்டில் சால்டரிங் அயர்ன் படவே கூடாது என்றார். மற்ற டிரைவைத் திறந்து, டெர்மினேட்டருக்குக் கரண்ட் தரும் இடத்தில் ஒரு ஜம்பரைச் செருகினார். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டு, அவ்வளவுதான். 38-இல் 4.6 வோல்ட். ஒரு டேட்டா கம்பியில் வைத்துப் பார்த்தார்: 2.7, கம்பி இப்போது தாழ்ந்து கிடக்கவில்லை. “இப்ப போடு” என்றார். டிரைவ்களை முதலில் போட்டு, அவை சுழன்று சத்தம் சீராகும்வரை காத்திருந்து, கடைசியில் மேக்கைப் போட்டேன். இரண்டு ஐகான்களும் வந்தன. நகல் பாதியில் எங்கேயும் நிற்கவில்லை. ஐயா, அன்று நீங்கள் அவசரப்பட்டிருந்தால் நானும் அவசரப்பட்டிருப்பேன்.

நகல் எடுத்த டிரைவை ஸ்கஸி கார்டு போட்ட லினக்ஸ் கணினியில் மாட்டி, ஒரு கோப்பைக்கூடத் திறக்காமல் முதலில் முழு டிரைவையும் அப்படியே பிம்பமாக எடுத்தது தம்பி. அவசரமே இல்லாமல், இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டும் பார்த்தான். நன்றிடா.

மேடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மேக்கிலேயே, அந்தச் சின்னத் திரையிலேயே காட்டப்போகிறேன். நீங்கள் நால்வரும் வரவேண்டும். அக்கா, உங்கள் டெர்மினேட்டரை அன்றைக்கே கையில் தந்துவிடுகிறேன், அதே பஞ்சில் பொதிந்து.