மூத்த நடிகையின் மாநாட்டு ஒப்பந்தம்: மறைக்கப்பட்ட நிபந்தனைகளும் திரும்பி வராத முன்பணமும் குறித்த புகார்

அனுப்புநர்
அமைப்புக் குழு,
அறிவியல் புனைவுத் திரைப்பட ரசிகர் மாநாடு.

பெறுநர்
நிர்வாக இயக்குநர்,
நடிகர் முன்பதிவு முகவர் நிறுவனம்.

பொருள்: நடிகையின் உடல்நல நிபந்தனைகளை மறைத்தது, கணக்கில் முரண், விலகல் செய்தியைத் தாமதமாகச் சொன்னது, முன்பணத்தைத் திருப்பித் தராதது ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் வழியாக, ஒரே ஒப்பந்தத்தில், இரண்டு மாநாடுகளுக்கு மூத்த நடிகை ஒருவரை அழைத்திருந்தோம். 1970களின் அறிவியல் புனைவுப் படங்களால் ரசிகர்கள் நெஞ்சில் நிற்பவர். இக்கடிதத்தின் நகல் வேறு மாநாட்டு அமைப்பாளர்களுக்கும் போவதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. உங்கள் கோப்பில் இருக்கிறது. முதல் மாநாடு நடந்து முடிந்தது. இரண்டாவதிலிருந்து அவர் விலகிக்கொண்டார். இரண்டிலும் அந்த அம்மையார்மீது எங்களுக்குத் துளியும் குறை இல்லை. வரிசையில் கடைசியாக நின்றவர்வரை முகம் பார்த்துப் பேசி அனுப்பினார். குறை முழுவதும் உங்கள் வேலையில்தான்.

அவர் கையெழுத்திட்ட தாள் ஒன்று. நாங்கள் கையெழுத்திட்ட தாள் வேறு. இரண்டும் உங்கள் கையில் இருந்தன. ஒன்றை மற்றவருக்குக் காட்டவில்லை. கீழே எழுதியிருக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்து கிளைத்தவை.

எங்கள் ஒப்பந்தத்தில் நாளொன்றுக்குக் கையெழுத்து மேசையில் 6 மணி நேரம் என்று இருக்கிறது. அவருடைய ரைடரில், அதாவது அவர் தரப்பு நிபந்தனைத் தாளில், 4 மணி நேரம்தான். அதுவும் 50 நிமிடம் எழுதினால் 10 நிமிடம் கைக்கு ஓய்வு, மதியம் ஒன்றரை மணி நேரம் படுக்க வசதியுள்ள அறை, கைப்பிடி உள்ள நாற்காலி, படிக்கட்டு இல்லாத மேடை, உடன் வரும் துணையாளுக்கு எல்லா இடத்துக்கும் அனுமதிச் சீட்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இதில் ஒன்றுகூட நடத்த முடியாத காரியம் இல்லை. முன்கூட்டித் தெரிந்திருந்தால் சாய்வுப் பாதை போட்டிருப்போம், கையெழுத்துக்காக ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கும் டோக்கனைக் குறைத்திருப்போம். அந்தத் தாளை மாநாட்டுக் காலையில் துணையாள் எடுத்துக் காட்டிய பிறகுதான் பார்த்தோம். அதற்குள் 6 மணி நேரக் கணக்கில் டோக்கன் விற்று முடிந்திருந்தது.

கையெழுத்துக் கணக்கு உங்களுக்குத் தெரியாதது அல்ல. பெயர் எழுதி, ஒரு வரி வாழ்த்தும் சேர்த்துக் கையெழுத்திட்டால் ஆளுக்குச் சராசரியாக 45 விநாடி. மணிக்கு 80 பேர். 6 மணி நேரத்துக்கு 480 பேர். நான்கு மணி நேரத்தில், ஓய்வைக் கழித்தால், 200 நிமிடம்தான் எழுத முடியும், 266 பேர். மீதமுள்ள 214 பேரை எங்கே நிறுத்துவது? வெறும் கையெழுத்து மட்டும் என்று சுருக்கினோம். அவர்களில் பலர் தாயின் பெயரையோ மகளின் பெயரையோ எழுதி வாங்க வந்தவர்கள். அந்த ஏமாற்றத்துக்கு நாங்கள்தான் முகம் கொடுத்தோம்.

அடுத்தது இந்தக் கடிதத்தில் எங்களை மிகவும் புண்படுத்தும் விஷயம். மதிய ஓய்வு நேரத்தில், உங்கள் ஊழியர் ஒரு கட்டுப் படங்களை அவர் அறைக்குக் கொண்டுபோய் வியாபாரிகளுக்காகக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். மறுவிற்பனைக்குத் தனியே கையெழுத்து வாங்குவது இந்தத் தொழிலில் நடப்பதுதான். ஆனால் அதற்குத் தனி நாள், தனிக் கட்டணம், நடிகரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் என்ற முறை இருக்கிறது. விரல் மூட்டு வலி இருப்பவரிடம், ஓய்வு நேரத்தில் அல்ல. பிற்பகலில் அவரால் மெல்லிய மார்க்கரைப் பிடிக்க முடியவில்லை. தடித்த உடல் கொண்ட பேனாவை நாங்கள் தேடிக் கொடுத்தோம். வயதான கைகளுக்கு மெல்லிய பேனா ஆகாது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வலி கூடும். இருண்ட விண்வெளிக் காட்சிப் படங்களில் வெள்ளி நிற பெயின்ட் மார்க்கர்தான் எடுபடும். ஆனால் பளபளப்புத் தாளில் அது உலர நேரம் எடுக்கும். உடனே உறையில் போட்டால் இழுவிவிடும். நீங்கள் அனுப்பிய படங்கள் அத்தனையும் பளபளப்புத் தாள். அரைப் பளபளப்பில் அச்சிட்டிருந்தால் இந்தச் சேதமே இல்லை. இழுவிய படத்துக்கு மாற்றுப் படம் கொடுத்து, அந்த அம்மையாரின் கையை மறுபடியும் வருத்த வேண்டியதாயிற்று.

படங்களைப் பற்றி இன்னொன்று. 8க்கு 10 அங்குலத்தில் வந்த ஆறு வகைப் படங்களில் ஒன்று அவர் நடித்த படமே இல்லை. அதே கதையை வேறு காலத்தில், வேறு நடிகையை வைத்து எடுத்த படத்தின் காட்சி அது. இந்தத் துறையில் மறு ஆக்கங்கள் நிறைய. "இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாச்சர்ஸ்" 1956-இல் வந்தபோது நாயகி டானா விண்டர். 1978-இல் புரூக் ஆடம்ஸ். தலைப்பை மட்டும் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் எந்தப் படத்துக்கும் இந்தக் குழப்பம் வரும். ரசிகருக்கு அது சிறு பிழை அல்ல. தன் இளமைக்கால வேலையை இன்னொருவர் முகமாகப் பார்க்க நேர்ந்த நடிகைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தீர்களா? படங்களை அச்சுக்கு அனுப்பும் முன் நடிகரிடமோ துணையாளிடமோ ஒருமுறை காட்டினால் போதும். காட்சிப் படங்களின் உரிமை பொதுவாகத் தயாரிப்பு நிறுவனத்திடம் இருக்கும். விற்பனைக்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டதற்கும் இன்றுவரை பதில் இல்லை.

புகைப்பட நேரத்துக்கு மணிக்கு 200 டோக்கன் என்று நீங்கள்தான் எண்ணிக்கை கொடுத்தீர்கள். ஆளுக்கு 18 விநாடி. நின்றபடி போஸ் கொடுக்கும் இளம் நடிகருக்கு அது ஓடும். உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் ரசிகர் வந்து, குனிந்தோ முட்டியிட்டோ முகத்தைச் சரி உயரத்துக்குக் கொண்டுவந்து, வணக்கம் சொல்லி, படம் எடுத்து விலக 30 விநாடி வேண்டும். மணிக்கு 120 பேர்தான். ஒரே டோக்கனில் குடும்பமாக வந்தால் இன்னும் கூடும். 200 பேரை முடிக்க 100 நிமிடம் ஆனது. அந்த 40 நிமிடம் அவருடைய அடுத்த ஓய்விலிருந்து போனது, பிறகு மேடை உரையாடலைத் தின்றது. உட்கார்ந்திருப்பவருக்குக் கேமராவின் உயரத்தைக் கண் மட்டத்துக்கு இறக்க வேண்டும். மின்னல் விளக்கை நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில், பெரிய மென்திரை போட்டு வைக்க வேண்டும். அவர் கண்ணுக்கு நேர் வெளிச்சம் ஆகாது என்று ரைடரில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியை ஒரு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம்.

மேடையைப் பற்றியும் அப்படித்தான். ஒரு காதில் கேட்கும் திறன் குறைவு என்பது ரைடரில் உண்டு. எதிரொலிக்கும் அரங்கில் பார்வையாளர் மைக்கில் கேட்கும் கேள்வி, மேடையில் இருப்பவருக்கு முழக்கமாகத்தான் வந்து சேரும். அவரைப் பார்த்து ஒரு மானிட்டர் ஸ்பீக்கர், நன்றாகக் கேட்கும் காதின் பக்கத்தில் நெறியாளர், கேள்விகளை முன்கூட்டிச் சீட்டில் எழுதி வாங்கி நெறியாளரே படிப்பது என்ற மூன்று ஏற்பாடுகளில் எல்லாம் சரியாகும். அன்று நெறியாளர் கேட்காத காதின் பக்கம் உட்கார்ந்திருந்தார். கணினி வரைகலை வருவதற்கு முன், மினியேச்சர் மாதிரிகளோடும் ரப்பர் வேடங்களோடும் எடுத்த படங்களில் நடித்தவர் அவர். எதிரே ஒன்றுமே இல்லாமல் அஞ்சி நடிப்பது எப்படி என்று நேரில் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு மணி நேரம் பேச வேண்டியவரிடமிருந்து எங்களுக்குக் கிடைத்தது 20 நிமிடம். இந்த இழப்பைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது. அதனால் தொகை எதுவும் கேட்கவில்லை. ஆனால் புகாரில் இது இருந்தாக வேண்டும்.

பயணம். விமான முன்பதிவில் சக்கர நாற்காலி உதவிக்கு மூன்று குறியீடுகள் உண்டு. டபிள்யூசிஎச்ஆர்: நெடுந்தூரம் நடக்க முடியாது, படி ஏறி இறங்க முடியும். டபிள்யூசிஎச்எஸ்: படியும் முடியாது. டபிள்யூசிஎச்சி: இருக்கைவரை கொண்டுபோய் விட வேண்டும். படிக்கட்டு கூடாது என்று எழுதிக் கொடுத்தவருக்கு நீங்கள் முதல் குறியீட்டைப் போட்டீர்கள். விமானம் முனையத்திலிருந்து தள்ளி நின்றது. இரண்டாவது குறியீடு இருந்திருந்தால், படி இல்லாமல் ஆளை இறக்கும் தூக்கி வண்டி வந்திருக்கும். இல்லாததால், துணையாளின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் படியில் இறங்கினார். டிக்கெட் எடுக்கும்போதே சரியாகச் சொல்லி, புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பு விமான நிறுவனத்திடம் மறுபடி உறுதி செய்துகொள்வது எந்த முகவரும் செய்யும் வேலை. மாநாட்டுக்கு ஒரு முழு நாள் முன்னதாக வந்து சேர்வதும் ரைடரில் இருக்கிறது. நீங்கள் முந்தின நாள் இரவு வரும் விமானத்தில் எடுத்தீர்கள்.

இனி கணக்கு. உத்தரவாதத் தொகை என்பது, நடிகருக்கு வசூல் அதற்குக் குறைந்தால் மீதியை அமைப்பாளர் ஈடுகட்டுவது; கூடினால் கூடுதலும் நடிகருக்கே. சண்டை எப்போதும் எதை வசூல் என்று எண்ணுவது என்பதில்தான் வரும். எங்கள் தாளில் கையெழுத்து மேசை வசூலும் புகைப்படத்தில் அவர் பங்கும் சேர்ந்தது வசூல். அவர் தாளில் மேசை வசூல் மட்டும். உத்தரவாதம் 100, மேசை வசூல் 70, புகைப்படப் பங்கு 25 என்று வைத்துக்கொண்டால், எங்கள் தாள்படி நாங்கள் தர வேண்டியது 5. அவர் தாள்படி 30. இருவரையும் ஒருவர்மீது ஒருவர் சந்தேகப்பட வைத்தது இந்த ஒரு சொற்றொடர். அவருக்குச் சேர வேண்டியதை அவர் தாளின்படியே முழுதாகக் கொடுத்துவிட்டோம். இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் கமிஷனிலிருந்து கேட்கிறோம்.

மேசையில் விலையும் மாறியது. நாங்கள் அறிவித்த கட்டணத்தை உங்கள் ஊழியர் பிற்பகலில் உயர்த்தி, பலகையில் புதுத் தாள் ஒட்டினார். காலையில் வந்தவருக்கு ஒரு விலை, மாலையில் வந்தவருக்கு ஒரு விலை. அன்றிரவு வசூலை எண்ணும்போது இரு தரப்பிலும் ஒருவர் இருந்து, ரொக்கம், அட்டை வசூல் என்று தனித்தனியே எழுதி, இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வதுதான் முறை. எண்ணினோம், ஒப்பமிட்டோம். ஆனால் இரண்டு நகலையும் உங்கள் ஊழியரே எடுத்துச் சென்றார்.

இரண்டாவது மாநாட்டுக்கு வருகிறோம். படப்பிடிப்பு வாய்ப்பு வந்தால் நடிகர் விலகிக்கொள்ளலாம் என்ற பிரிவு வழக்கமானது. அதை ஏற்றுத்தான் கையெழுத்திட்டோம். இந்த வயதில் அவருக்கு ஒரு வேடம் கிடைத்தது எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர் உங்களிடம் சொன்ன நாளுக்கும் நீங்கள் எங்களிடம் சொன்ன நாளுக்கும் இடையே மூன்று வாரம் ஓடியிருக்கிறது என்று அவருடைய துணையாளின் மின்னஞ்சலில் தெரிகிறது. அந்த மூன்று வாரமும் அவர் பெயரில் டோக்கன் விற்றுக்கொண்டிருந்தோம். விற்ற பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தாலும், அட்டைப் பரிவர்த்தனைக் கட்டணம் எங்களுக்குத் திரும்பி வராது. வராத ஒருவரின் பெயரைச் சொல்லிக் காசு வாங்கினார்கள் என்ற பழியும் எங்கள் தலையில் விழுந்தது.

உத்தரவாதத்தில் பாதியை முன்பணமாகக் கட்டியிருந்தோம். விலகினால் 14 நாளில் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். கெடு கடந்துவிட்டது. வேறொரு நடிகரை அனுப்புகிறோம், பணத்தை அதில் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். வேண்டாம். ரசிகர்கள் வந்தது இவருக்காக. முன்பணத்தை உங்கள் நடப்புக் கணக்கில் வைத்துச் செலவழிக்காமல், இரு தரப்புக்கும் பொதுவான தனிக் கணக்கில் வைத்திருந்தால் திருப்பித் தருவது ஒரே நாள் வேலை.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் முன்பணம் முழுவதும் வங்கி வழியாக வர வேண்டும். மூன்று வாரத் தாமதத்தில் விற்ற டோக்கன்களின் பரிவர்த்தனைக் கட்டணமும் உத்தரவாதக் கணக்கின் வித்தியாசமும் அதோடு சேர வேண்டும். ஒப்பமிட்ட வசூல் தாள்களின் நகலை அனுப்புங்கள். உயர்த்திய விலையில் வாங்கிய ரசிகர்களின் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. கூடுதல் தொகையை அவர்களுக்கு நாங்களே திருப்பித் தருகிறோம், அதை நீங்கள் எங்களுக்குத் தர வேண்டும். ஓய்வு நேரத்தில் வாங்கிய கையெழுத்துகள் எத்தனை, யாருக்குப் போயின, நடிகைக்கு என்ன கொடுக்கப்பட்டது என்ற விவரத்தை எங்களிடம் சொல்லாவிட்டாலும் அவரிடம் எழுத்தில் சொல்லுங்கள். அவரிடம் மன்னிப்பும் கேளுங்கள்.

உங்களிடம் வேறு மூத்த நடிகைகளும் பதிவில் இருக்கிறார்கள். அவர்களில் யாரை அழைத்தாலும் மூன்று தரப்பும் ஒரே தாளில் கையெழுத்திட்டு, ரைடர் அதன் இணைப்பாக இருந்தால்தான் இனி நாங்கள் முன்பணம் கட்டுவோம். நகல் பெறும் அமைப்பாளர்களையும் அப்படியே கேட்கச் சொல்லியிருக்கிறோம். வயதான விருந்தினரை எப்படி உபசரிப்பது என்பது ரசிகர் உலகத்துக்குத் தெரியும். 1966 முதல் "ஸ்டார் டிரெக்" தொடரில் உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸுக்கு 2021 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் காமிக் மாநாட்டில் ரசிகர்கள் கூடி விடை கொடுத்தார்கள். அந்த மரியாதையோடுதான் நாங்களும் இவரை அழைத்தோம்.

15 நாளில் பதில் வராவிட்டால், ஒப்பந்தத்தின் நடுவர் தீர்ப்புப் பிரிவின்கீழ் விண்ணப்பிப்போம்.

இப்படிக்கு,
அமைப்புக் குழுவினர்

இணைப்பு: எங்கள் ஒப்பந்த நகல், துணையாள் அளித்த ரைடர் நகல், முன்பண ரசீது, டோக்கன் விற்பனைப் பட்டியல், துணையாளின் மின்னஞ்சல்.