விண்ணப்பத்தின் அருகில் உட்கார ஓர் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளகப் பயிற்சி என்றதும் மாணவர்களாகிய நாங்கள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களைத்தான் தேடிப் போகிறோம். நான் என் பயிற்சியை, படிக்கும் கல்லூரியின் மாணவர் உதவி மையத்திலேயே முடித்தேன். அங்கே கண்டதைக் கல்லூரி நிர்வாகங்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதல் வாரம் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, உதவித்தொகை அறிவிப்புகளைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டுவதும் அவற்றையே வகுப்புவாரியாக வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவதும்தான். தகவல் போய்ச் சேர்ந்துவிட்டால் உரியவர்கள் விண்ணப்பித்துவிடுவார்கள் என்றே நானும் நம்பினேன். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு முதலாண்டு மாணவி ஒருவர் வந்து, அடையாள அட்டை தொலைந்துபோனால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டார். பதில் சொன்ன பிறகும் அவர் நகரவில்லை. கையில் நான்காக மடித்த விண்ணப்பம் இருந்தது. மடிப்புகள் நைந்து, குடும்ப ஆண்டு வருமானம் கேட்கும் கட்டத்தில் எழுதி எழுதி அழித்ததில் தாளே மெலிந்திருந்தது. தந்தைக்கு நாட்கூலி என்பதால் எந்தத் தொகையை எழுதுவது, தவறாக எழுதினால் ஏதும் நடவடிக்கை வருமோ என்ற பயத்திலேயே மூன்று வாரம் அந்தத் தாளைப் பையில் சுமந்திருக்கிறார். பொறுப்பாளர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வருமானச் சான்றிதழில் உள்ள தொகையை அப்படியே எழுதினால் போதும் என்று காட்டி, இருபது நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். நான் ஒட்டிய அறிவிப்பை அந்த மாணவி முதல் நாளே படித்திருந்தார்.

இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்குக் கல்லூரி நிதியுதவி விண்ணப்பத்தை அங்கேயே உடனிருந்து நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கக்கூடும் என்ற தகவலை மட்டும் தந்தார்கள். 2012-இல் வெளியான முடிவுகளின்படி, நிரப்பித் தரப்பட்ட குடும்பங்களின் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தவர்கள் 36 சதவீதம். எந்த உதவியும் பெறாதவர்களில் 28 சதவீதம். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் அப்படிப்பட்ட மாற்றம் ஏதும் தென்படவில்லை.

இன்னொன்றை என் பிழையால் கற்றேன். வரிசையில் பலர் நின்றிருந்தபோது ஒரு மாணவரின் பெயரைக் கூப்பிட்டு, கட்டணத்தைத் தவணையில் கட்ட அவர் கொடுத்த மனு ஏற்கப்பட்டுவிட்டதாக உரக்கச் சொல்லிவிட்டேன். நல்ல செய்திதான். ஆனால் அவர் முகம் சுருங்கத் திரும்பிப் போனார்; கையெழுத்திட இரண்டு முறை அழைத்தும் வரவில்லை. பணநெருக்கடி, நோய், வீட்டுச் சிக்கல் என்று ஒருவர் நம்மை நம்பிச் சொன்னது பக்கத்து மேசைக்கும் கேட்கக் கூடாது என்பதை எனக்கு முதல் நாளே சொல்லித் தந்திருக்க வேண்டும். மன வேதனையோடு வருபவருக்கு நாமே புத்தி சொல்லத் தொடங்காமல், கையோடு அழைத்துப் போய் மனநல ஆலோசகரிடம் சேர்ப்பதும் அப்படித்தான்.

ஆகவே, பயிற்சி மாணவர்களைக் கோப்பு அடுக்கவும் நகல் எடுக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளாமல், முறையாகப் பழக்கிய பிறகு விண்ணப்பதாரரின் அருகில் உட்காரவையுங்கள். வகுப்பு நேரமும் அலுவலக நேரமும் ஒன்றாக இருப்பதால் வர முடியாதவர்களுக்காக மாலையில் ஒரு மணி நேரமாவது மையம் திறந்திருக்கட்டும். யார் எதற்காக வந்தார், அடுத்து என்ன செய்ய வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்று எழுதும் ஒரு பதிவேடும் வேண்டும். விண்ணப்பம் வாங்கிப் போய்த் திரும்பக் கொடுக்காதவர்களின் பெயர்களை நான் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். பயிற்சியின் கடைசி நாளன்று அந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன். அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
இளங்கலை இறுதியாண்டு மாணவி ஒருவர்