காரிடார் காட்சியும் ஒட்டுப்போட்ட கிளைமாக்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேய்ப்படங்களின் அடுத்தடுத்த பாகங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் 'எக்ஸார்சிஸ்ட் 3' (1990) ஒரே வரியில் முடிந்துபோனது வருத்தமளித்தது. முதல் 'எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்தின் மூலக்கதையை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டியே தன் 'லீஜன்' நாவலை வைத்து இயக்கிய படம் அது. 1977இல் வந்த இரண்டாம் பாகத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. முதல் படத்தில் ஓரமாக வந்துபோன போலீஸ்காரர் கிண்டர்மேனை நடுவில் நிறுத்தினார். அதனால் சிறுமி, கட்டில், பச்சை வாந்தி என்று பழையதையே திரும்பச் சுட வேண்டிய அவசியம் வரவில்லை.

ஆஸ்பத்திரி காரிடார் காட்சியைப் பாருங்கள். கேமரா ஒரு கோடியில் அசையாமல் நிற்கிறது. நர்ஸின் மேசை மறுகோடியில். பின்னணி இசை இல்லை. ஏதோ சத்தம் கேட்டு நர்ஸ் ஓர் அறைக்குள் போகிறாள். தம்ளரில் ஐஸ் உருகி விரிசல் விடும் ஓசைதான். படுத்திருந்தவர் திடீரென எழுந்து கத்த, நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. 'அவ்வளவுதான், முடிந்தது' என்று மூச்சு விடும்போது அதே தூரத்து ஷாட்டுக்குத் திரும்புகிறார் பிளாட்டி. காவலர் நகர்ந்து போகிறார். அதன்பிறகுதான் நர்ஸின் முதுகுக்குப் பின்னால், எலும்பு வெட்டும் பெரிய கத்தரியுடன் அந்த வெள்ளை உருவம். ஜூமும் அலறும் இசையும் அந்த நொடியில்தான். ஒரு சொட்டு ரத்தம் காட்டாமல் தலையில்லாத சிலைக்கு வெட்டிவிடுகிறார். முதல் அதிர்ச்சி பொய்யாக இல்லாவிட்டால் இரண்டாவது இவ்வளவு பலிக்காது.

சறுக்கல் கடைசியில். தலைப்பில் 'எக்ஸார்சிஸ்ட்' (பேயோட்டுபவர்) இருந்தால் பேயோட்டும் காட்சியும் வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் பிடிவாதம் பிடிக்க, ஃபாதர் மார்னிங் என்ற பேயோட்டும் பாதிரியார் பாத்திரத்தைப் பிறகு எடுத்துச் சேர்த்தார்கள். கதையில் வேர் இல்லாத ஆள். கிண்டர்மேனுக்கும் அவருக்கும் ஒட்டே இல்லை. படம் முழுக்கத் தொடர் கொலைகளைத் துப்புத் துலக்கிய கிண்டர்மேன், முடிவில் தீயும் மின்னலும் பிளக்கும் தரையுமாக அமர்க்களப்படும்போது சுவரோடு ஒட்டிக் கிடக்கிறார். முதல் படத்தில் பாதிரியார் கர்ராஸாக நடித்த ஜேசன் மில்லரும் அப்படிப் பின்னால் சேர்க்கப்பட்டவர்தான். ஆனால் அந்தச் சேர்க்கை பலித்தது: ஆஸ்பத்திரியில் அடைத்துவைக்கும் செல்லுக்குள் கொலைகாரனாக வரும் பிராட் டூரிஃப் பேசப் பேச, இடையிடையே அதே உடலில் பழைய பாதிரியாரின் முகம் தெரிவது வயிற்றைக் கலக்குகிறது.

பிளாட்டி முதலில் எடுத்த வடிவத்தில் பேயோட்டலே கிடையாது. கிண்டர்மேன் செல்லுக்குள் போய்க் கொலைகாரனைச் சுட்டுவிடுகிறார். 2016இல் அது டிஸ்க்காக வெளிவந்தது. தொலைந்த பகுதிகளுக்கு விஎச்எஸ் (பழைய வீடியோ கேசட்) பிரதியைப் பயன்படுத்தியதால் அந்த இடங்களில் படம் மங்கலாக இருக்கும். படத்தை மீண்டும் எழுத நேர்ந்தால், உங்கள் விமர்சகர் அதையும் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்