தெப்பக்குளத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். நம் தெப்பக்குளத் திருப்பணி முடிந்துவிட்டது. மாநகராட்சிப் பொறியாளர்கள் கடைசி அளவை எடுத்து எம்-புக்கில் (பணி அளவுகளைப் பதியும் புத்தகத்தில்) ஏற்றிவிட்டார்கள், கோயில் நிர்வாகமும் பணியை ஏற்றுக்கொண்டது. கைக்காசு போட்டவர்கள், விடிகாலையில் வந்து வேலை நடக்கும் இடத்தில் நின்றவர்கள், தங்கள் வீட்டுக் குழாயை இடித்து மாற்றிக்கொண்டவர்கள் என எல்லாருக்கும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டியது குழுவின் கடமை.

படிக்கட்டும் விளக்கும் நடைபாதையும்தான் எல்லார் கண்ணிலும் படும். ஆனால் இந்தத் திருப்பணியில் பெரிய வேலை தெருவுக்கு அடியில் போய் மழைநீரைக் குளத்துக்குக் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்தான், பணத்தில் பெரும்பகுதியும் அதற்குத்தான் போனது. தண்ணீர் வரும் வழி அடைபட்டுக் கிடக்கும்போது கரையை அழகுபடுத்தி ஆவதென்ன என்று முதல் கூட்டத்திலிருந்தே கேட்டோம், அந்தக் கேள்வியை விடவே இல்லை. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய அவ்வளவு பெரிய குளமே வருடக்கணக்கில் வறண்டு, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் திடலாகக் கிடந்தது. வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்த பிறகுதான் அங்கே தண்ணீர் நின்றது. நம் குளம் அதற்கு முன் சின்னதுதான், ஆனால் வந்த நோய் ஒன்றே.

வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் தொடங்கிய வேலை இது என்பதையும் பதிவு செய்கிறோம். நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 74-வது அரசியல் சட்டத் திருத்தம் சொல்லி, அது 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடியதோ 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில். கிராமத்தில் கிராம சபை இருக்கிறதே, நகரத்துக்காரனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு இது ஒரு வாசல். அந்த வாசலில் நாம் கூட்டமாகப் போனோம். மனு எழுதி அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வருவதற்கும், சபையில் பத்துப் பேர் முன்னால் பேசித் தீர்மானமாகப் பதிய வைப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தீர்மானம் என்றால் அடுத்த கூட்டத்தில் "போன தடவை எழுதினோமே, என்ன ஆச்சு?" என்று கேட்க முடியும். கேட்டோம்.

குளம் கோயிலுடையது, அறநிலையத் துறையின் கீழ் வருகிறது. தெருவும் வடிகாலும் மாநகராட்சியுடையவை. இத்தனை வருடமாக ஒருவர் மற்றவரைக் கைகாட்டியே காலம் போனது. இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததில் நம் மாமன்ற உறுப்பினருக்குப் பெரிய பங்கு உண்டு, அதற்குக் குழுவின் நன்றி. அப்புறம் காகிதங்கள். புல வரைபடமும், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டின் நகலும் எடுத்துப் பார்த்தபோது, குளத்துக்கு வரும் வழி முழுக்க வாய்க்கால் புறம்போக்கு என்றே இருந்தது. கிடைக்காத சில பழைய கோப்புகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். சர்வேயர் வந்து கல் நட்ட அன்றே பாதிப் பேச்சு அடங்கிவிட்டது, ஏனென்றால் அதற்குப் பிறகு யாருடைய வாசற்படி, யாருடைய கார் ஏறும் சாய்தளம் கால்வாய்மேல் இருக்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பெரும்பாலானோர் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

நிதிக்கு நமக்கு நாமே திட்டம். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். 1997-ல் வந்து, 2011-ல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயரோடு திரும்பிய அதே திட்டம்தான். இதில் நமக்குப் பிடித்த விஷயம், காசு போட்டவனுக்கு எஸ்டிமேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை தானாக வந்துவிடுகிறது என்பதே. முதலில் வந்த எஸ்டிமேட்டில் டைல்ஸ், அலங்கார விளக்கு, நுழைவு வளைவு எல்லாம் மேலே இருந்தன, கால்வாய் கடைசியில். வரிசையைத் திருப்பச் சொன்னோம். வளைவு போயே போனது, யாருக்கும் வருத்தம் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். தோண்டிப் பார்த்ததும் முதலில் தெரிந்தது மட்டம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடுத்தடுத்துத் தார் போட்டதில் தெரு உயர்ந்துகொண்டே போய், ஓரிடத்தில் கால்வாயின் அடிமட்டமே குளத்தின் நுழைவாயை விட்டு வேறு பக்கம் சாய்ந்திருந்தது. மழைத் தண்ணீர் குளத்தை நோக்கிப் பாதித் தூரம் வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது! சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலர் உத்தரவு போட்டிருக்கிறார், அதைக் காட்டித்தான் நம் தெருவில் சுரண்ட வைத்தோம். கால்வாய் முழுக்க மட்டம் பார்த்து, சரிவை மறுபடி அமைத்தார்கள்.

கான்கிரீட் போட்ட பிறகு தண்ணீர் ஊற்றுவதில்தான் ஒப்பந்தக்காரரோடு அதிகம் பேச வேண்டியிருந்தது. இப்போது கடையில் வருவது பெரும்பாலும் பி.பி.சி. எனப்படும் கலப்பு சிமெண்ட், அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்று இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 456 சொல்கிறது. சாக்கை நனைத்துப் போடுவது யார் வேலை என்ற சண்டையே வேண்டாம் என்று தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டார்கள். கான்கிரீட்டின் வலுவைப் பார்க்கும் கியூப் சோதனை முடிவுகள் கோப்பில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இனி, இந்தத் திருப்பணியின் உயிர்நாடிக்கு வருகிறோம்: சாக்கடை. மழையே இல்லாத நாளில் மழைநீர்க் கால்வாயின் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே தண்ணீர் ஓடினால் அது யாரோ ஒருவர் வீட்டுக் கழிவு. இதற்குக் கருவியும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். இப்படி மூடி மூடியாகத் திறந்து, எந்த இடத்துக்கு மேலே காய்ந்திருக்கிறது, எந்த இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொண்டே போய்த்தான் திருட்டு இணைப்புகளைக் கண்டுபிடித்தோம். தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தும் டெபாசிட் கட்டத் தயங்கி இணைப்பு வாங்காத வீடுகள் இருந்தன; சில வீடுகளில் குளியலறைத் தண்ணீர் மட்டும் கால்வாய்க்குப் போவது வீட்டுக்காரருக்கே தெரியாது, முன்பு வீடு கட்டியவர் செய்து வைத்தது. மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. ஆனால் நோட்டீஸை விட, பக்கத்து வீட்டு அக்கா வந்து "நம்ம சாமி தெப்பம் விடுற தண்ணி இது" என்று சொன்னது நன்றாக வேலை செய்தது. கட்ட வசதி இல்லாத குடும்பங்களுக்கு நம் உறுப்பினர்களே சிலர் பேர் சொல்லாமல் கட்டினார்கள். நெஞ்சாரச் சொல்கிறோம், இந்தத் திருப்பணியில் மிகப் பெரிய உபயம் அதுதான்.

குளத்துக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் கம்பி வலையும் வண்டல் தொட்டியும் ஷட்டரும் வைத்திருக்கிறோம். பருவத்தின் முதல் மழை தெருவின் எண்ணெயையும் குப்பையையும் கழுவிக்கொண்டு வரும், அதைக் குளத்துக்குள் விடாமல் வெளி வடிகாலுக்குத் திருப்பிவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு ஷட்டரைத் திறக்க வேண்டும். குளம் நிரம்பினால் தெருவுக்குள் ஏறாமல் வெளியேற, தெரு மட்டத்துக்குக் கீழே கலங்கல் அமைத்திருக்கிறது.

குளத்துக்குள் தூர் வாரும்போது, இன்னும் ஆழமாகத் தோண்டச் சொன்னவர்கள் உண்டு. தண்ணீரைப் பிடித்து வைப்பதே அடியில் உள்ள களிமண் படுகைதான், அதைக் கிழித்துவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் நிற்காது, ஆகவே வண்டலோடு நிறுத்திக்கொண்டோம். படிக்கட்டில் சாய்ந்த கற்களைக் கல்தச்சர்கள் எடுத்து மறுபடி அடுக்கினார்கள். உடைந்த இடங்களில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்து. கல் இடுக்கை எல்லாம் சிமெண்ட் வைத்து அடைக்கவில்லை, சுற்று நிலத்து நீர் கசிந்து வரும் வழி அது. விளக்கும் நடைபாதையும் எளிமையாக முடிந்தன. நன்கொடையாளர் பெயர்க் கல்வெட்டு வைக்கவில்லை, பொதுக்குழுவில் நீங்கள் எடுத்த முடிவு அது, நல்ல முடிவு.

வரவு செலவுக் கணக்கு, பில் நகல்களோடு குழு அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது. மீதித் தொகையைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போட்டிருக்கிறோம். கீழத் தெருவில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் மூடி போடுவது பாக்கி. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிவதற்குள் விரிசலோ மண் இறக்கமோ கண்டால் உடனே சொல்லுங்கள், அதுவரை ஒப்பந்தக்காரரே சரிசெய்து தர வேண்டும்.

பராமரிப்பில் சில விஷயங்கள். வண்டல் தொட்டியைப் புரட்டாசியிலேயே சுத்தம் செய்துவிட வேண்டும், ஐப்பசி அடைமழை வந்த பிறகு அள்ள முடியாது. யாரையும் கால்வாய்க்குள் இறக்கி அள்ள வைக்கக் கூடாது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், நாம் கும்பிடும் குளத்துக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைக்க நாம் விட மாட்டோம். மாநகராட்சியின் இயந்திர வண்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையாரை இங்கே கரைக்க அனுமதி இல்லை. மீன் விடுகிறேன் என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொண்டுவராதீர்கள், அது தடை செய்யப்பட்ட மீன், மற்ற மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.

ஷட்டர் சாவி இப்போது குழுச் செயலாளரிடம் இருக்கிறது. மழை நேரத்தில் நடுராத்திரியும் போய்த் திறக்கக்கூடிய, குளத்தெருவிலேயே குடியிருக்கும் இரண்டு பேர் வேண்டும். அடுத்த பகுதி சபைக்கு முன் பெயர் கொடுங்கள், அங்கேயே மாநகராட்சி ஏ.இ. (உதவிப் பொறியாளர்) முன்னிலையில் சாவியை ஒப்படைத்துவிடலாம்.