முதலில் எடை மேடைக்குப் போய் வாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் சீசன் நெருங்கினால் ரேஸ் கார் ஏற்றிப் போகும் டிரெய்லர் செய்கிற எங்கள் அம்பத்தூர் பட்டறையில் போன் ஓயாது. எல்லா அழைப்பும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: "சார், லைட் வெயிட்டா ஒரு ஓப்பன் டிரெய்லர் வேணும், எவ்வளவு ஆகும்?" நாங்கள் விலை சொல்லாமல் "உங்க கார் எத்தனை கிலோ?" என்று திருப்பிக் கேட்போம். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இருக்காது. பிறகு "மாருதி 800 தானே சார், அறுநூத்தம்பது இருக்கும்" என்பார்கள். அந்த 'இருக்கும்' என்ற சொல்லை நம்பி இரும்பு வெட்ட முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

சீட்டு, கண்ணாடி எல்லாம் கழற்றினீர்கள், சரி. வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்க உள்ளே இரும்புக் கூண்டு, அதாவது ரோல் கேஜ், பற்றவைத்தீர்களே, அது எவ்வளவு? யாருக்கும் தெரியாது. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் சாலையில் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. அடுத்த முறை ரெக்கவரி வண்டியில் காரை ஏற்றிப் போகும்போது, காரோடு ஒரு எடை, கார் இல்லாமல் ஒரு எடை போட்டுச் சீட்டை வாங்கி வையுங்கள். ஐந்து பத்து கிலோ முன்னே பின்னே காட்டினாலும் ஊகத்தைவிட மேல்.

கார் மட்டும் போகாதே, கூடவே சாமான் போகும். ஒரு கணக்கு பாருங்கள். கார் 650 கிலோ, டிரெய்லர் 280, நாலு ஸ்பேர் சக்கரம் 55, ஜாக், டூல் பாக்ஸ், கூடாரம் எல்லாம் சேர்த்து 65. ஆக மொத்தம் 1050 கிலோ. இதில் பத்தில் ஒரு பங்கு இழுக்கும் வண்டியின் கொக்கியில் உட்கார வேண்டும். மீதி 945 கிலோ இரண்டு சக்கரத்தில் இறங்கும், சக்கரத்துக்கு 472. இப்போது டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 155/80 ஆர் 13 டயரில் அளவுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 79 என்று சுமைக் குறியீடு போட்டிருக்கும். அப்படியென்றால் அந்த டயர் தாங்குவது 437 கிலோதான். "பழைய சக்கரம் வீட்டில் கிடக்குது, அதையே போட்டுக் கொடுங்க" என்று கேட்பவர்களுக்கு நாங்கள் முடியாது என்பது இதனால்தான். 165/80 ஆர் 14 அளவில் 85 போட்டிருந்தால் 515 கிலோ தாங்கும். இது ஸ்விஃப்டுக்குப் போடுகிற அளவு, எந்த ஊர் டயர் கடையிலும் கிடைக்கும். மாருதி எஸ்டீம் மாதிரி இன்னும் கனமான கார் என்றால் ஒற்றை அச்சில் மல்லுக்கட்ட வேண்டாம், இரட்டை அச்சு போட்டுவிடலாம்.

எடையை எங்கே குறைப்பது? தளத்தில். மாருதி 800இன் நீளம் 3.3 மீட்டர் சொச்சம், அகலம் 1.44 மீட்டர். இதற்கு 3.6 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலத்தில் 3 மி.மீ. தகட்டை முழுசாக விரித்தால் தகடு மட்டுமே 144 கிலோ. சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் 40 செ.மீ. அகலத்தில் இரண்டு தடம் போட்டால் 68 கிலோவில் முடிந்துவிடும். நடுவில் திறந்திருப்பதால் காருக்கு அடியில் கை விட்டு வேலை பார்க்கவும் வசதி. ஒரே குறை, இருட்டில் காரைக் கட்டும்போது அந்தச் சந்தில் கால் போகும். எங்கள் பையன்கள் முழங்காலில் இருக்கும் தழும்புகள் அதற்குச் சாட்சி.

அலுமினியத்தில் செய்து தரச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், உண்மை. ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்டச் சட்டத்தைப் பெரிதாக்க வேண்டும், கணக்குப் பார்த்தால் மிச்சம் நினைத்த அளவு இருக்காது. அதைவிட முக்கியம், கோயம்புத்தூரில் 'கரி' ரேஸ் டிராக்குக்குப் போகிற வழியில் ஒரு வெல்டிங் விட்டுப்போனால் என்ன செய்வீர்கள்? இரும்பு என்றால் லாரி பட்டறை எங்கே இருக்கிறதோ அங்கே ஆள் கிடைப்பார். அலுமினியத்தைப் பற்றவைக்க அதற்கென்று ஆளும் மிஷினும் தேட வேண்டும். 500 கிலோமீட்டர் பாதையில் நாங்கள் இரும்பைத்தான் நம்புவோம்.

கொக்கியில் பத்தில் ஒரு பங்கு என்று மேலே சொன்னதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். நாங்கள் செய்த முதல் டிரெய்லரில் அச்சைத் தளத்தின் நட்டநடுவில் வைத்தோம். பார்க்க அழகாக இருந்தது. டிராக்கில் இறக்கச் சுலபம் என்று காரைப் பின்பக்கமாக ஏற்றினோம். மாருதி 800க்கு எஞ்சின் முன்னால். ஆக டிரெய்லரின் வாலில் போய் எஞ்சின் உட்கார்ந்தது. பைபாஸில் எழுபதில் போகும்போது ஒரு ஆம்னி பஸ் பக்கத்தில் உரசுகிற மாதிரி தாண்டியது. அந்தக் காற்றில் டிரெய்லர் ஒரு ஆட்டம் ஆடியது, அடுத்த ஆட்டம் அதைவிடப் பெரிது, மூன்றாவதில் இழுக்கிற வண்டியின் பின்பக்கமே நம்மைக் கேட்காமல் நகர்ந்தது. பிரேக் போடாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டதால் பிழைத்தோம். ஓரத்தில் நிறுத்தி டிரெய்லர் மூக்கைக் கையால் தூக்கிப் பார்த்தால் சைக்கிள் மாதிரி எழும்புகிறது. அன்றிரவு காரைத் திருப்பி ஏற்றி மெதுவாக ஓட்டி வந்து, மறுநாளே அச்சைப் பின்னுக்குத் தள்ளினோம்.

இதை நீங்களே வீட்டில் அளக்கலாம். சமதளத்தில் காரை ஏற்றிக் கட்டி, சக்கரங்களுக்கு அடை கொடுத்துவிட்டு, குளியலறை எடை மெஷினை எடுத்து வாருங்கள். மூன்றடிக்குச் சற்றே நீளமான பலகையின் ஒரு முனையை மெஷின் மேலும் மறு முனையை அதே உயரச் செங்கல் மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து ஓரடி, மெஷினிலிருந்து ஈரடி தள்ளி டிரெய்லர் மூக்கை இறக்குங்கள். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் கொக்கி எடை. 35 காட்டினால் 105, நம் கணக்குக்குச் சரி. குறைந்தால் காரை முன்னுக்கு நகர்த்துங்கள். கொக்கிக்கும் அச்சுக்கும் 3 மீட்டர் இருக்கும் டிரெய்லரில் 650 கிலோ காரை 10 செ.மீ. நகர்த்தினாலே கொக்கியில் 22 கிலோ மாறும். சரியான இடம் கிடைத்ததும் முன்சக்கரம் நிற்கும் இடத்தில் ஒரு தடுப்புக் கட்டை பற்றவைத்துக் கொடுப்போம். பிறகு ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை. ஃபார்முலா எல்ஜிபி என்கிற ஒற்றை சீட்டு ரேஸ் கார் மாதிரி எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் கார் என்றால் அந்தக் கட்டை வேறு இடத்தில் வரும். அதனால் ஒருவருக்குச் செய்த டிரெய்லரை இன்னொருவர் கைமாற்றி வாங்கினால், தயவுசெய்து ஒரு முறை கொண்டு வந்து காட்டுங்கள்.

ஃபார்முலா கார் வைத்திருப்போருக்கு சாய்தளமும் தலைவலி. தளம் 45 செ.மீ. உயரத்தில் இருந்து ரேம்ப் 1.8 மீட்டர் என்றால் சாய்வு 14 டிகிரிக்கு மேல். காரின் வயிறு தட்டும். 2.4 மீட்டர் ரேம்ப் போட்டால் 11 டிகிரிக்குள் வந்துவிடும். நீளமான ரேம்ப் கனக்கும் என்பதால் இரண்டாக மடிகிற மாதிரி செய்கிறோம்.

பிரேக் இல்லாமல் டிரெய்லர் தருவதில்லை, விலையைக் குறைக்க அதை மட்டும் கேட்காதீர்கள். காரைக் கட்டும்போது ராட்செட் பெல்ட்டை டயரின் மேல் போடுங்கள், பாடியிலோ சஸ்பென்ஷன் கம்பியிலோ வேண்டாம். இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். அப்படியே சக்கர ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் பேரிங்கில் கிரீஸ் போய்விட்டது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டு வருகிறது.

திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் வீட்டு வாசலில் நிறுத்தப் போகிறவர்கள் பெயின்டோடு நிற்காமல் கால்வனைசிங், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு, செய்துகொள்வது நல்லது. உப்புக் காற்று சட்டத்தின் உள்பக்கத்திலிருந்துதான் தின்னும். துத்தநாகத் தொட்டி சுமார் 450 டிகிரி சூட்டில் இருக்கும். மூடிய குழாயில் காற்று போக ஓட்டை இல்லாவிட்டால் வெடித்துவிடும். சட்டத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளைப் பார்த்துவிட்டு "அடைக்க மறந்துட்டீங்களா?" என்று கேட்காதீர்கள். கால்வனைஸ் ஆன பிறகு வீட்டருகே கொக்கி ஒன்று வெல்டிங் செய்துகொள்வதும் வேண்டாம், அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும்.

மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லர் தனி வண்டி. அதற்கென்று பதிவு எண் வேண்டும். அந்தக் காகித வேலையை முடித்துவிட்டு ரோட்டில் இறக்குங்கள்.

இன்னொன்று, வியாபாரத்துக்கு ஆகாத பேச்சு. வருஷத்துக்கு இரண்டு ரேஸ்தான் ஓட்டுகிறீர்கள், வீட்டில் நிறுத்த இடமும் இல்லை என்றால் டிரெய்லர் வாங்காதீர்கள். வாடகைக்கு ஒரு ஃபிளாட்பெட் லாரி போதும். கோ கார்ட் என்றால் டாட்டா ஏஸில் ஏற்றிப் போய்விடலாம்.

மற்றவர்கள் எடைச் சீட்டோடு வாருங்கள். இழுக்கப் போகும் வண்டியையும் ஓட்டி வாருங்கள், கொக்கியின் உயரம் அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது; அன்றைக்கு நாங்களும் டிராக்கில்தான் இருப்போம்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து
அம்பத்தூர், சென்னை