கொள்ளு குதிரைக்கு மட்டுமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

வறட்சி என்றதும் ஆழ்துளைக் கிணறு, சொட்டுநீர் என்றே பேசுகிறோம்; எதை விதைக்கிறோம் என்று பேசுவதில்லை. கொள்ளு மானாவாரியாக, வளம் குறைந்த மண்ணிலும் விளையும். வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் தழைச்சத்து உரமும் அதிகம் கேட்காது. தண்ணீர் தேங்கினால் மட்டும் தாங்காது.

ஐந்தில் ஒரு பங்குக்குமேல் புரதம் உள்ள பயறு இது. அப்புறம் ஏன் தீவனமாகவே ஒதுக்குகிறோம்? கடினமான தோல்தான் பலரை விரட்டுகிறது என்று நினைக்கிறேன். இரவு முழுக்க ஊறவைத்து, முளைகட்டி வேகவைத்தால் சீக்கிரம் வெந்துவிடும். புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் குறையும். (பச்சையாக மெல்லும் வீரர்கள் கவனிக்க!)

2016-ஐப் பயறு ஆண்டாக ஐ.நா. கொண்டாடியது, சரி. பள்ளி உணவில் வாரம் ஒருமுறை கொள்ளைச் சேர்த்தால் நிலையான கொள்முதல் இருக்கும். விதைப்பவருக்கும் தைரியம் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்