2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஏஜென்சிகள் வழியாக வாடிக்கையாளர் அலுவலகங்களுக்குச் சென்று, கணினி பொருத்துதல், கேபிள் பதித்தல் முதலான வேலைகளை மணிக்கணக்குச் சம்பளத்தில் செய்யும் நம்மவர்களுக்கான இச்சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

பொங்கல் ஒன்றுகூடல் ஜனவரியில் நடைபெற்றது. தீபாவளி அன்பளிப்புப் பைகள் வழக்கம்போல் வழங்கப்பட்டன. செயற்குழு கூடியது, போதிய வருகையின்றி ஒத்திவைக்கப்பட்ட கூட்டங்களை இங்கு நான் எண்ணிக்காட்டப் போவதில்லை.

ஆண்டின் பெரும்பகுதியில் வேலைக்குக் குறைவிருக்கவில்லை. விண்டோஸ் 10 மென்பொருளுக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு ஆதரவு அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடியவிருந்ததால், பழைய கணினிகளை மாற்ற அலுவலகங்கள் அவசரப்பட்டன; இரவிலும் வார இறுதியிலும் நம் உறுப்பினர்களுக்கு மணிகள் சேர்ந்தன. ஆகஸ்டில் என் அழைப்பை எடுக்கவே நேரமில்லாதிருந்தவர்கள், நவம்பரில் "ஏதாவது சைட் இருக்கிறதா அண்ணே" என்று தாமாகவே அழைத்தார்கள். டிசம்பர் நடுப்பகுதியில், ஆண்டிறுதிக் கணக்கு முடியும்வரை கணினி அமைப்புகளில் கைவைக்கக் கூடாது என்று பல நிறுவனங்கள் தடைபோட்டுவிட்டதால், இருந்த கொஞ்ச வேலையும் நின்றது. வெளிநாட்டு ஊழியரை அமர்த்தும் நிறுவனங்கள் உள்ளூர் ஊழியருக்கு மணிக்குக் குறைந்தது 10.50 வெள்ளி தரவேண்டும் என்பது 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த விதி. அந்தக் குறைந்தபட்சத்தையே உச்சவரம்பாகக் கருதும் ஏஜென்சிகளும் உண்டு என்பது உறுப்பினர்களுக்குத் தெரியாததன்று.

ஆயினும் நம்மை உண்மையில் வருத்துவது விகிதத்தைவிட எண்ணப்படாத மணிதான். காலை 8 மணிக்கு வரச்சொல்கிறார்கள், சர்வர் அறையின் சாவியை வைத்திருப்பவர் பத்தரைக்கு வருகிறார், சம்பளமோ பத்தரையிலிருந்து. சாங்கி வர்த்தகப் பூங்காவில் காலை வேலையை முடித்துவிட்டு, தீவின் மறுகோடியில் துவாசுக்கு ரயிலில் போய்ச்சேரும் நேரம் யார் கணக்கிலும் வருவதில்லை. வாடிக்கையாளர் தரப்பு அதிகாரி விடுப்பில் போய், வேலைநேரத்தைக் காட்டும் டைம்ஷீட்டுக்கு ஒப்புதல் தாமதமானால், சம்பளம் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுகிறது. வேலை நியமனச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாள்களுக்குள் சம்பளமும், 14 நாள்களுக்குள் கூடுதல் நேர ஊதியமும் தரப்பட வேண்டும். யாரோ கையெழுத்திடவில்லை என்பது அதற்குச் சாக்காகாது.

இதை முன்னிட்டே பணிநேரப் பதிவேடு என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தேன். சட்டைப்பையில் அடங்கும் சிறு புத்தகம். நாள், இடம், சென்றுசேர்ந்த நேரம், காத்திருந்த நேரம், முடித்த நேரம், தளத்தில் இருப்பவரின் கையெழுத்து ஆகியவற்றுக்கு அதில் கட்டங்கள் உண்டு. கைத்தொலைபேசி இருக்கும் காலத்தில் காகிதம் எதற்கு என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். கேமரா உள்ள தொலைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் தளங்களில் அவர் வேலை பார்த்ததில்லை போலும். அச்சுச் செலவு அதிகம் என்ற குறைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். காத்திருந்த நேரத்துக்குச் சம்பளம் மறுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர், சம்பளத் தகராறுகளைக் கவனிக்கும் அமைப்பான சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியின் சமரசப் பேச்சுக்கு இப்புத்தகத்தை எடுத்துச்சென்றார்; ஏஜென்சி நிலுவையைக் கொடுத்தது. வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள்ளும், விலகியவர் ஆறு மாதங்களுக்குள்ளும் அங்கு முறையிட வேண்டும் என்பதால், பின்னர் நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு எவராலும் உதவ இயலாது. 'சுயதொழில் செய்பவர்' என்று ஒப்பந்தத்தில் எழுதி, முதலாளி கட்டவேண்டிய மத்திய சேமநிதிப் பங்கையும் மருத்துவ விடுப்பையும் தட்டிக்கழிக்கும் இடங்களிலும், யார் சொல்லி, யார் கருவியைக் கொண்டு, எத்தனை மணிக்கு வேலை செய்தோம் என்ற பதிவே நமக்குச் சான்றாக நிற்கும்.

இவற்றை விளக்கச் சமூக மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமையன்று ஏற்பாடு செய்த கூட்டத்தில் நாற்காலிகளே மிகுந்திருந்தன. வராதவர்களுள் பலர் மறுவாரம் அதே சந்தேகங்களைத் தனித்தனியே தொலைபேசியில், இரவு பத்து மணிக்குமேல், என்னிடம் கேட்டார்கள். வேலை இருக்கும்போது நேரமில்லை என்பதும், வேலை இல்லாதபோது சந்தா கட்டப் பணமில்லை என்பதும் நியாயமே. இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களும் ஆண்டில் உண்டு என்பதை மட்டும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. பதிவேட்டு அச்சுச் செலவின் ஒரு பகுதி நன்கொடையாலும், மீதி கையிருப்பிலிருந்தும் ஈடுசெய்யப்பட்டது. தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியுள்ளது. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

தலைவருக்கும், துணைத்தலைவருக்கும், இடம் தந்து உதவிய சமூக மன்றத்தினருக்கும், பைகள் கட்டிய மகளிர் அணியினருக்கும் நன்றி.

புதிய ஆண்டில் கணினி மாற்றும் வேலை சென்ற ஆண்டின் அளவுக்கு இராது என்றே கருதுகிறேன். ஆகவே கிடைக்கும் ஒவ்வொரு மணியையும் எழுதிவையுங்கள். என் பதவிக்காலம் இக்கூட்டத்துடன் நிறைவடைகிறது. பொறுப்பேற்க முன்வருபவரிடம் மீதமுள்ள பதிவேடுகளை இன்றே ஒப்படைக்க அணியமாக உள்ளேன். எவரும் முன்வராவிட்டால் சபையின் விருப்பத்துக்குக் கட்டுப்படுவேன். அப்போது இரண்டாம் பதிப்புக்கான செலவையும் சபை கருத்தில் கொள்ள வேண்டியிருக்கும். வேட்புமனுப் படிவங்கள் வாசல் மேசையில் வைக்கப்பட்டுள்ளன. இதுவரை ஒன்றும் எடுக்கப்படவில்லை. சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்